தாலி கட்டப் போன முகம்

சீனியம்மாளுக்கு முதல் பரு பதினைந்து வயதில் வந்தது. வயசுப்பிள்ளைக்கு வருவதுதான், கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள். கல்யாணம் ஆனது, பரு போகவில்லை. பிள்ளை பெற்றால் போய்விடும் என்றார்கள். இரண்டு பெற்றாள். இருபத்தெட்டு வயதாகியும் நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் பழையது அமுங்க அமுங்கப் புதியது கிளம்பிக்கொண்டே இருந்தது. அவள் வீட்டில் கண்ணாடி கிடையாது. தேவையும் இல்லை, எதிரே வருகிறவர்கள் ஒன்று விடாமல் சொல்லிவிடுவார்கள்.

சமயநல்லூரில் அவளுக்கு வைத்தியம் சொல்லாத வாயே இல்லை. சங்கை உரசிப் பூசினாள். ஜாதிக்காயை இழைத்துப் பூசினாள். கருஞ்சீரகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசினாள். உடம்புச் சூடு என்று எவளோ சொன்னதை நம்பிப் பேதிக்குக் குடித்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அவள் புருஷன் நல்லகாமன் மதுரைக்கு நெல் வண்டி ஓட்டிப் போகும்போதெல்லாம் ஏதாவது வாங்கி வருவான். ஒரு தடவை ஸ்னோ டப்பா வந்தது. அதைப் பூசிக்கொண்டு அவள் களையெடுக்கப் போன அன்று, சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி இருக்கிறதென்று வயல் முழுக்க ஒரே சிரிப்பு. நல்லகாமன் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன்.

இவ்வளவையும் பொறுத்தவளால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் தம்பி பேயாண்டிக்குக் கீழக்குயில்குடியில் பெண் பேசி முடித்தபோது பொறுக்க முடியவில்லை. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுவதில்லை. அவன் கூடப் பிறந்தவள் பெண் வீட்டுக்குப் போய்த் தன் கையால் தாலி கட்டிப் பெண்ணை அழைத்து வரவேண்டும். பேயாண்டிக்கு ஒரே அக்கா சீனியம்மாள். தாய் செத்தபின் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவளும் அவள்தான். அந்தத் தாலியைத் தான் கட்டவேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் வேறெதையும் அவள் கேட்கவில்லை. ஆனால் பெண்ணின் தாய் முத்துத்தாயிடமிருந்து ஒரு பேச்சு வந்து சேர்ந்தது.

"மாப்ளயோட அக்காவுக்கு மூஞ்சியில என்னமோ சீக்காம்ல? வேற ஆரையாச்சும் கட்டச் சொல்லுங்க."

வேறு ஆள் தயாராகவே இருந்தாள். பெரியப்பா மகள் மாயக்காள். எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்கத் தெரிந்தவள். "ஒனக்கு எதுக்குடி சங்கடம்? நான் போயி கட்டிட்டு வாரேன்," என்றாள். சீனியம்மாள் மாட்டுத்தொழுவத்துக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

கல்யாணம் வைகாசியில். பங்குனியில் ஒருநாள் அவள் யாருக்கும் சொல்லாமல் மதுரைக்குப் போனாள். கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடை விரித்து மருந்து விற்றவனிடம் ஒரு சிவப்புத் தண்ணீர்ப் புட்டி வாங்கி வந்து முகமெல்லாம் தடவினாள். மூன்றே நாளில் பரு போகும் என்று அவன் சொல்லியிருந்தான். மறுநாளே முகம் வீங்கிச் சிவந்து, நீர் கோத்த கொப்புளமாய்ப் பொங்கிவிட்டது.

அந்த வெயிலில் ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அம்மை கண்டிருந்த நேரம். நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அவள் முகத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா எறங்கிட்டா! முத்துப் போட்டிருக்கு!" என்று தெருவுக்கு ஓடினாள். அரை நாழிகைக்குள் வாசலில் வேப்பங்குலை ஏறிவிட்டது. பிள்ளைகள் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

புட்டி மருந்து என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொன்னால் ஊர் இன்னும் ஒரு வருஷம் சிரிக்கும். சீனியம்மாள் வாயை மூடிக்கொண்டு வேப்பிலைப் படுக்கையில் படுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வாசலில் யாரோ விழுந்து கும்பிடும் சத்தம் கேட்டது. மாயக்காள்! "தாயே, தெரியாம இவ மூஞ்சிய ஏசிப்புட்டேன். மனசு குளுந்து போயிரு ஆத்தா," என்று தரையில் நெற்றியை முட்டினாள். உள்ளே சீனியம்மாள் சிரிப்பை அடக்கமுடியாமல் வேப்பிலைக் கொத்தைக் கடித்தாள். வேப்பிலை கசந்தது, அதையும் மீறிச் சிரிப்பு வந்தது.

அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. கூழும் மோரும் இளநீருமாகப் பதினொரு நாள் போயிற்று. கொப்புளம் தானாக வாடி உதிர்ந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை அவள் தலைக்கு ஊற்றினார்கள். துடைத்துக்கொண்டே நெற்றியைத் தடவியவளின் கை அப்படியே நின்றது. வழுவழுவென்றிருந்தது. பதின்மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒரு புதுப் பருகூட இல்லை.

ஆத்தா கருணை என்றது ஊர். அவளும் கும்பிட்டுக்கொண்டாள், ஆனால் யோசனையை விடவில்லை. மறுபடி தாளித்த குழம்பு தின்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. கறி தின்றாள், வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல நெற்றியில் வழிய வழியத் தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தாள். நாலாம் நாள் நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது.

"அட பாவி எண்ணெயே!" என்றாள் வாய்விட்டு. கோபம் வந்தது, சந்தோஷமும் வந்தது. நல்லகாமனைப் பிடித்து உட்காரவைத்து, புட்டி மருந்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நீ கெட்டிக்காரி புள்ள," என்றான்.

அதன்பிறகு அவள் தலையில் எண்ணெய் படவிடவில்லை. பரதேசி மாதிரி வறட்டுத் தலையோடு திரிகிறாளே என்று பெண்கள் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். வைகாசி பிறந்தபோது முகம் தெளிந்து தழும்பு மட்டும் மிச்சமிருந்தது.

கல்யாணத்தன்று காலை தாடையில் இரண்டு பரு புதிதாக எட்டிப் பார்த்தன. அவற்றோடேயே வண்டி ஏறினாள். மாயக்காளும் ஏறி, தாலித் தட்டை ஒட்டியே உட்கார்ந்துகொண்டாள்.

கீழக்குயில்குடியில் முத்துத்தாய் சீனியம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா எறங்குன மொகம்னு கேள்விப்பட்டேன். இந்த முத்துத் தழும்போட நீ தாலி கட்டுனா எம் மகளுக்கு யோகந்தேன்."

"தாடையில பாருங்க அத்தை, ரெண்டு புதுசு. சீக்கு இன்னும் போகல," என்று மாயக்காள் தட்டில் கை வைத்தாள்.

சீனியம்மாள் பேசாமலிருந்தாலே போதும், ஆத்தா பேரில் காரியம் நடந்துவிடும். தன் முகத்துக்குக் கும்பிடு வாங்கித்தான் தம்பிக்குத் தாலி கட்டவேண்டுமா என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

"அத்தை, எனக்கு அம்மையே வரல," என்றாள் சத்தமாக. "கண்ட மருந்தப் பூசி மூஞ்சி வெந்துபோச்சு, அம்புட்டுத்தேன். இது பரு. ஒருத்தருக்கும் ஒட்டாது. நாளைக்கும் ரெண்டு வரும். ஆத்தா பேரச் சொல்லி ஒங்கள ஏமாத்தி நான் கட்டமாட்டேன். பேயாண்டிக்கு அக்கா நான். அந்த உரிமையில கட்ட வந்திருக்கேன்."

மாயக்காளுக்குத் தான் யார் காலில் விழுந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டிலிருந்து கை தானாக நழுவியது. முத்துத்தாய் கும்பிட்ட கையை இறக்கினாள்.

குனிந்து உட்கார்ந்திருந்த பெண் செல்லக்கிளிதான் முதலில் அசைந்தாள். மாலையையும் சடையையும் ஒதுக்கிக் கழுத்தைக் காட்டி, "கட்டுங்க மதினி," என்றாள்.

முத்துத்தாய் மகளைப் பார்த்தாள், சீனியம்மாளைப் பார்த்தாள். "என்னடி வேடிக்க பாக்குறீக? கொலவை போடுங்க!" என்று அதட்டிவிட்டுத் தானே முதல் குலவையை எடுத்தாள்.

சீனியம்மாள் மூன்று முடிச்சும் இறுக்கிப் போட்டாள். பதின்மூன்று வருஷமாய்த் தரையைப் பார்த்து நடந்தவள், அத்தனை பேர் முன்னிலையிலும் முகத்தை நிமிர்த்திப் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"அத்தை, எங்க வீட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.