மூன்று வீங்கின, ஒன்று மிச்சம்

சனிக்கிழமை காலை கொல்லையிலிருந்த மண்பானையின் மூடியைத் திறந்தாள் டெல்ஃபினா. மணல்மேல் அடுக்கி வைத்திருந்த மூன்று லித்தியம் பேட்டரிகளும் எண்ணெயில் பொரித்தெடுத்த பாஸ்தல் பலகாரம் மாதிரி உப்பிக் கிடந்தன. தொட்டால் மெத்துமெத்தென்று அமுங்குகின்றன. போட்டியோ நாளைக்கு!

“நாசமாப் போச்சு!” என்று வாய்விட்டே கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது.

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற எல் ஆல்ட்டோவில் ட்ரோன் பந்தயத்துக்கு வருகிறவர்களில் பேட்டரியை அவளைப் போல் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிற ஆள் கிடையாது. வாங்குவதற்கே இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். மேலே அச்சடித்த பெரிய பெரிய எண்களை நம்பாமல் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை பார்த்தாள். அட்டையில் கொள்ளளவைக் கூட்டிப் போட்டுவிடலாம், எடையைக் கூட்டிப் போட முடியாதே! இந்த உயரத்தில் காற்று மெலிசு. விசிறிக்குப் பிடிமானம் இல்லை, மோட்டார் கூடுதலாக உறிஞ்சும். அதற்கு ஈடுகொடுக்கிற நான்கு செல் பேட்டரிகளாகப் பார்த்து நான்கு வாங்கினாள். முழுக்க நிரப்புவது பந்தயத்துக்கு முந்தின நாள் மட்டும்தான். பறக்கவில்லையென்றால் அன்றைக்கே பாதிக்கு இறக்கி, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிடுவாள். அரை வயிறும் குளிர்ந்த மூலையும் இருந்தால் லித்தியம் வருஷக்கணக்கில் உழைக்கும்.

ஆனால் பந்தயம் நடந்தால்தானே? மூன்று ஞாயிறு தள்ளிப்போய்விட்டது. சாலை மறியல். வேறென்ன இருக்கப்போகிறது இந்த ஊரில்! முதல் சனிக்கிழமை நிரப்பினாள், சாயங்காலம் ‘இந்த வாரம் இல்லை’ என்று தகவல் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பாதிக்கு இறக்கிப் பானையில் வைத்தாள். அடுத்த இரண்டு வாரமும் வெள்ளிக்கிழமையே தகவல் வந்துவிட்டதால் பானையைத் திறக்கவே இல்லை. ஒரு வழியாக வெள்ளிக்கிழமைதான் மறியலை எடுத்தார்கள்.

நாளைக்கு முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கொச்சபம்பாவில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போகிற அணியில் அவளுக்கு இடம் உண்டு. ஆறு வருஷமாகக் கிளப்பில் இருக்கிறாள். ஆண்கள் பறக்கவிடுவார்கள், இவள் கொண்டுவருகிற ரொட்டியைத் தின்பார்கள், அணிப் பட்டியல் போடும்போது மட்டும் இவள் இருப்பதே ஞாபகத்துக்கு வராது. அந்தப் பட்டியலில் ஒரு தடவையாவது தன் பெயர் ஏற வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நான்காவது பேட்டரி மட்டும் தப்பித்திருந்தது. அவள் வேலை செய்கிற தையல் பட்டறையின் மொட்டைமாடியில் மதிய இடைவேளையில் பழகுவதற்காக அதை எப்போதும் பையிலேயே வைத்திருந்தாள்.

வீங்கிய மூன்றையும் ஒரு தகர டப்பா மணலில் புதைத்துத் தூக்கிக்கொண்டு நேராகச் சந்தைக்குப் போனாள். அவற்றை விற்ற கசிமிரோ, ஊராருக்கு மரியாதையாகத் ‘தோன்’ கசிமிரோ, தார்ப்பாய்க்குக் கீழே சரக்கைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

“வாங்க கசேரா, என்ன காலங்காத்தால?” என்று வாடிக்கைக்காரியைக் கூப்பிடுகிற வழக்கப்படி வரவேற்றார்.

“கசேராவாவது மண்ணாவது! பாருங்க இதை. வாங்கி அஞ்சு மாசம்கூட ஆகல. பழைய சரக்குக்குப் புது அட்டை ஒட்டித் தலையில கட்டிட்டீங்க!”

அவர் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். “செல்லுக்கு நாலு புள்ளி ரெண்டு வோல்ட். கழுத்து வரைக்கும் நெறஞ்சிருக்கு. எத்தன வாரமா இப்படியே வச்சிருந்தீங்க?”

“பாதிக்கு இறக்கித்தான் வச்சேன். என்னையப் பாத்தா அது தெரியாதவ மாதிரியா இருக்கு?”

“அப்ப கன்னி மாதா வந்து சார்ஜ் போட்டுட்டுப் போனாங்களா?”

“உங்க மீட்டரும் உங்க சரக்கு மாதிரியே போலி. திருட்டுப் பொழப்பு!”

உருளைக்கிழங்கு விற்கிற பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கசிமிரோவின் முகம் கறுத்துவிட்டது. “பதினோரு வருஷமா இதே எடத்துல கடை போடுறேன். என்னைத் திருடன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல,” என்றார். டப்பாவை மட்டும் வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டார். “இத வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாதீங்க. ஆபத்து. புதுசும் இல்ல என்கிட்ட. சரக்கு லாரி இன்னும் ஒருரோ ஊர்லயே நிக்குது.”

வீட்டில் புலம்பக்கூட ஆள் இல்லை. புருஷன் குரோவர் மினிபஸ் ஓட்டுகிறவன். மறியலால் மூன்று வாரம் வண்டி எடுக்காமல் அடைந்து கிடந்துவிட்டு, அன்றைக்குத்தான் விடியுமுன் கிளம்பிப் போயிருந்தான். விட்ட ஓட்டத்தையெல்லாம் ஒரே நாளில் பிடித்துவிடுகிற வேகத்தில் அவன் ஓட்டி முடித்து வருவதற்குள் இவள் தூங்கிவிட்டாள். அவனைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவும் இல்லை. அந்தப் பேட்டரிகளை வெடிகுண்டு என்று சொல்லி நாலடி தள்ளி நிற்கிறவன் அவன்.

ஞாயிறு காலை, பழைய கால்பந்து மைதானத்தில் வளையங்களை நட்டுவைத்திருந்தார்கள். புல்மேல் உறைபனி இன்னும் போகவில்லை. டெல்ஃபினா தன் ஒற்றைப் பேட்டரியைக் கம்பளிச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். சில்லிட்ட லித்தியம் பறக்கும்போது காலை வாரிவிடும். பேட்டரி சோதனை மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்? கசிமிரோ! கிளப்பில் அந்த வேலை அவருடையதுதான், தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் அவளுக்கு உடம்பு கூசியது.

“எத்தன பேட்டரி?” என்றார் தலையைத் தூக்காமல்.

“ஒண்ணு.”

வரிசையில் பின்னால் நின்ற பல் டாக்டர் எர்வின் சிரித்தார். “ஒத்தப் பேட்டரியை வச்சிக்கிட்டு மூணு சுத்தா? ரொட்டியாவது கொண்டாந்திருக்கீங்களா, தோன்யா டெல்ஃபினா?”

அவள் அவரை முறைப்பதற்குள் குரோவர் மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தான். முகமெல்லாம் பல்.

“ஏன் ஒண்ணு? நாலு இருக்கே! மீதி மூணும் ஜம்முனு நெறஞ்சிருக்குமே, நான்தானே நெரப்பினேன்!”

கசிமிரோ மீட்டரைக் கீழே வைத்தார்.

“நீ என்ன பண்ணினே?” என்றாள் டெல்ஃபினா.

“மறியல்னு சும்மாதானே உக்காந்திருந்தேன். நீ ஒருத்தி ஒழைக்கிற, நான் தின்னுட்டுத் தூங்குறேன். வெக்கமா இருந்துச்சு. நீ வேலைக்குப் போனதும் பாத்தா, எல்லாம் பாதி காலியா இருக்கு. பேட்டரியைக் காலியா விட்டா செத்துப்போயிரும்ல? எந்த டிரைவரை வேணா கேளு! ஒன்னைப் பாத்துப் பாத்துப் பழகினதுதான், ஒவ்வொண்ணா மாட்டினேன். கையெல்லாம் நடுங்கிச்சு தெரியுமா? தெனமும் கொறைஞ்சிருக்கான்னு பாத்துப் பாத்து ரொப்பினேன்.”

“தெனமுமா?”

“பனி வேற இப்படிக் கொட்டுது. அதான் பகல் முச்சூடும் போர்வையில சுத்தி அடுப்புப் பக்கத்துல வச்சிட்டு, நீ வர்றதுக்குள்ள பானைக்குள்ள போட்டுருவேன். போன வாரம் பாத்தேன், நல்லா கும்முனு ஆயிருந்துச்சு. அடேயப்பா, நெறைய ஏறிருச்சுன்னு நெனச்சேன்!”

கசிமிரோ சிலுவை போட்டுக்கொண்டார். எர்வின் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டெல்ஃபினாவுக்கோ சிரிப்பா வரும்? அவனை அங்கேயே கடித்துக் குதறலாம் போலிருந்தது. ஆனால், கெடுக்க நினைத்துச் செய்திருந்தால் நாலு கேள்வி கேட்கலாம். இந்த மனுஷன் கை நடுங்க நடுங்க அன்பாகச் செய்து கெடுத்திருக்கிறானே! தலையில் அடித்துக்கொண்டாள். குரோவரின் பல் ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று.

அப்புறம் அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். “தோன் கசிமிரோ, நேத்து நான் பேசினது தப்பு. உங்க சரக்கு நல்ல சரக்குதான்.”

“கேக்கல கசேரா. நேத்து இதைவிடச் சத்தமா இருந்துச்சே.”

“தப்பு எங்க வீட்டுது!” என்று மைதானமே கேட்கிற மாதிரி கத்தினாள். “போதுமா?”

“போதும்,” என்று கசிமிரோ அவள் பேட்டரியில் முத்திரைச் சீட்டை ஒட்டிக் கொடுத்தார். இரவல் கொடுக்கவும் யாரிடமும் வழியில்லை. மற்றவர்களெல்லாம் ஆறு செல்லுக்கு மாறியாயிற்று. அதை இவள் ட்ரோனில் மாட்டினால் மோட்டார் புகைந்துவிடும்.

முதல் சுற்றை முழுப் பேட்டரியோடு இரண்டாவதாக முடித்தாள். அதற்குப் பிறகுதான் சித்திரவதை. சுடச்சுட சார்ஜ் போடக் கூடாது, ஆறவிட வேண்டும். ஆறின பிறகு நிரம்ப ஒரு மணி நேரம் வேண்டும். சுற்றுக்கு நடுவே கொடுப்பதோ நாற்பது நிமிஷம்! மினிபஸ்ஸிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜரை மாட்டிவிட்டு, ஏறுகிற எண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சூடாக அப்பி என்கிற சோளப் பானம் குடித்துக்கொண்டு, புதுப் பேட்டரியை மாட்டிக்கொண்டு, வெயில் காய்ந்தார்கள்.

“சார்ஜர் வேகத்தைக் கூட்டி வையேன்,” என்றான் குரோவர் மெதுவாக.

“நீ பேசாதே. நீ ஒண்ணுமே பேசாதே.”

இரண்டாம் சுற்றில் முக்கால் பேட்டரியோடு நான்காவதாகத் தொற்றிக்கொண்டு இறுதிக்குள் நுழைந்தாள். இறுதியில் நான்கு பேர், அணியில் மூன்று இடம். அதற்குள் ஏறியது பாதிக்குக் கொஞ்சம் மேலே. மற்ற மூவரின் பேட்டரியும் முழுசு. இதைவிட எரிச்சல் மனுஷிக்கு வேறென்ன வேண்டும்!

ட்ரோன் கேமராவில் தெரிவதைக் காட்டுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கொடி விழுந்தது. நேர்வழியில் ஆறு செல்காரர்களைத் துரத்தாமல் விட்டுவிட்டாள். திருப்பங்களில் மட்டும் உள்பக்கமாக ஒடித்து ஒடித்து, ஒரு துளி மின்சாரம்கூட வீணாக்காமல் ஓட்டினாள். முன்னால் இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாவதாக எர்வின், இரண்டு ட்ரோன் தூரத்தில். மைதானத்தைக் கடைசி முறை வலம்வரத் தொடங்கும்போதே காதில் எச்சரிக்கை கீச்சிட்டது. செல்லுக்கு மூன்றரை வோல்ட். ஆறு வருஷமாக இந்தச் சத்தம் கேட்டதும் இறக்கிவிடுவாள். ஒரு தடவைகூட மீறியதில்லை. விரல் தானாகத் தளர்ந்தது. எர்வின் இன்னும் கொஞ்சம் விலகிப் போனார்.

இறக்கினால் பேட்டரி பிழைக்கும். பட்டியலில் மறுபடி அதே மூன்று ஆண்கள்.

“போய்த் தொலை!” என்று சொல்லிக்கொண்டே விசையைக் கடைசிவரை தள்ளினாள். மூன்று புள்ளி இரண்டு. மூன்று. சத்தம் விடாமல் அலறியது. எர்வின் கடைசித் திருப்பத்தை அகலமாகச் சுற்றினார். அவள் கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே புகுந்தாள். கடைசி வளையத்துக்கு முன்பே மோட்டார்கள் சோர்ந்துவிட்டன. பறந்து வந்த வேகத்திலேயே ட்ரோன் வளையத்தின் கீழ்க்கம்பியைத் தட்டிக்கொண்டு உள்ளே விழுந்தது. எர்வினுடையது அவளுக்குப் பின்னால்தான் வந்தது.

“மூணாவது, டெல்ஃபினா கிஸ்பெர்ட்!” என்று ஒலிபெருக்கியில் கசிமிரோவின் குரல் கேட்டது.

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடினாள். பேட்டரி கொதித்தது, பக்கவாட்டில் மெல்ல உப்பிக்கொண்டு வந்தது. இனி அது எதற்கும் ஆகாது. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த குரோவர் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, இதுவும் போச்சா? டெல்ஃபி, சத்தியமா இதை நான் தொடவேயில்ல!”

“தெரியும். அந்த மூணையும் நீ கொன்ன,” என்றாள் டெல்ஃபினா. “இதைக் கொன்னது நான். இதுல வந்து பங்கு கேக்காத.”