ஊதா படர்ந்த பத்து நிமிடம்

நாற்பது நாளாக அந்த மேகத்துக்காகத்தான் காத்திருந்தேன். இடையஞ்சாவடியிலிருந்து தினமும் வண்டியில் மரக்காணம் வந்து, உப்பளத்து வரப்பில் பலகையை நிறுத்தி, வெயிலில் வெந்துவிட்டுத் திரும்புவேன். போட்டோவைப் பார்த்து வரைவது எனக்குப் பிடிக்காது. இடத்திலேயே தொடங்கி இடத்திலேயே முடிக்க வேண்டும். கறுத்த வானத்துக்குக் கீழே வெள்ளை உப்பு, அந்த ஒரு படம் போதும் என்றிருந்தேன். என் படங்களில் மனிதர்கள் வரமாட்டார்கள். இயற்கைக்கு நடுவே அவர்கள் இடைஞ்சல் என்று ஒரு கொள்கை. கொஞ்சம் திமிர் என்றும் சொல்லலாம்.

என் எதிரே இருந்த பாத்திகள் ஆராயி அக்காவும் அவள் புருஷன் பாவாடையும் குத்தகைக்கு எடுத்தவை. தூக்கில் கொண்டுவரும் கூழை எனக்கும் ஊற்றிக் கொடுப்பாள். அன்று பாவாடைக்குக் காய்ச்சல், அவள் மட்டும் வந்திருந்தாள். பத்து நாள் வாரிச் சேர்த்த உப்பு கரையில் குவிந்து கிடந்தது. மறுநாள் லாரி வரவேண்டும்.

மூன்று மணிக்குக் கடல் பக்கம் வானம் இருண்டது. உப்பின் மேல் ஓர் ஊதா படர்ந்தது, நான் எங்கும் பார்த்திராத ஊதா. பத்து நிமிடத்துக்கு மேல் அது நிற்காது என்று தெரிந்தது. அவசரமாகக் குழைத்துப் பூசத் தொடங்கினேன்.

அக்கா தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஒரு பக்கம் கல்லை வைத்தால் மறுபக்கத்தைக் காற்று தூக்கியது.

"தம்பி, இந்த முனைய மட்டும் வந்து புடிப்பா."

இரண்டு நிமிடம் என்றேன். மறுபடி கூப்பிட்டாள். காதில் விழாதவன் போல இருந்தேன். அதோடு விட்டேனா? குவியலை மறைத்துக்கொண்டு நின்றவளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னேன். என்ன நினைத்தாளோ, நகர்ந்தும் கொடுத்தாள். இதை எழுதும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கடைசித் தீற்றலை வைத்தபோது முதல் துளி கழுத்தில் விழுந்தது. உடனே கொட்டத் தொடங்கியது. அப்போதுதான் ஓடினேன். தார்ப்பாய் அவள் கையை விட்டுப் பறந்து வாய்க்காலில் கிடந்தது. காற்றோடு மல்லுக்கட்டி இருவருமாக இழுத்து வந்து மூடுவதற்குள் குவியலில் பாதி கரைந்து ஓடிவிட்டது.

மோட்டார் கொட்டகையில் ஒதுங்கினோம். எண்ணெய் வண்ணம் என்பதால் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம், அந்த நேரத்திலும் எனக்கு அது தெரிந்தது. சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப் போனேன். அக்கா வாங்கிப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வண்ணத்தில் படாமல், குவியலுக்கு நேரே விரலை ஓட்டினாள்.

"அப்படியே இருக்குது. உச்சியில நான் மிதிச்ச பள்ளம்கூட இருக்குது" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு வுடாம பாத்துக்கினுதான் இருந்திருக்கே, தம்பி."

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.