டேப்பில் முதல், பட்டியலில் கடைசி

டிரைவ் பெட்டிக்குள் டேப் கிறீச்சிட்டதும் கோகிலவாணி அதன் பக்கம் காதைச் சாய்த்தாள். ஒரு தடவை என்றால் தூசி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது மூன்றாவது தடவை. கணினியைப் பார்த்தாள். இருபத்தேழு பெயரில் ஒன்பதுதான் வந்திருந்தது.

மணி பகல் இரண்டு. மறுநாள் காலை பத்து மணிக்குத் திருப்பத்தூரில் விசாரணை. நெல்லிவாசல்நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊர், மொத்தமே இருபத்தேழு வீடு. அந்த இருபத்தேழு வீட்டாரும் 2005க்கு முன்னாலிருந்தே அவரவர் கொல்லையில், அதாவது மலைச்சரிவு நிலத்தில், சாமை விதைத்தவர்கள் என்று காட்டினால்தான் சட்டப்படி நிலத்துக்கு உரிமைப் பட்டா. காட்டாவிட்டால் அது காடு, அவ்வளவுதான். தாத்தன் காலத்திலிருந்து உழுகிறவனிடம் ஆதாரம் கேட்டால் அவன் எங்கே போவான்? ஆனாலும் ஆதாரம் இருந்தது. 2004இல் ஒரு தொண்டு நிறுவனத்தார் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொருவர் பேச்சையும் பதிந்து, கொல்லையைப் படம் பிடித்து, எல்லாவற்றையும் உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் சுற்றிய ஒரே டேப்பில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த நிறுவனம் மூடி வெகுகாலமாகிறது. டேப் மட்டும் ஜமுனாமரத்தூரில் கோகிலவாணி வேலை பார்க்கும் ஆவண மையத்து பீரோவுக்கு வந்து சேர்ந்தது. நகல் கிடையாது. அதைப் படிக்கும் டிரைவ், அதுவும் யாரோ கழித்துக் கட்டிய பழசு, நேற்றுத்தான் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது.

படித்து எடுக்கும் மென்பொருள் அவளே எழுதியது. இரண்டு வருஷமாக மையத்து ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து கேட்டதைக் கேட்ட நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை.

"இன்னாம்மா சத்தம் அது?" என்றார் கோபால்சாமி. அந்த ஊருக்குத் தலைவர், ஊர்க்கவுண்டர். காலையில் ஷேர் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்திறங்கியவர், அப்போதிருந்து மின்விசிறிக்குக் கீழே இருந்த ஒரே நல்ல நாற்காலியில் இருந்தார். அதே ஜீப்பில் பின்னால் புளி மூட்டைகளோடு வந்த பச்சையம்மா கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டும் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். கவுண்டர் இருக்கும்போது எப்படி உட்காருவதாம்.

பச்சையம்மாவின் புருஷன் கருப்பன் செத்து ஆறு வருஷம். இரண்டு ஏக்கர் கொல்லை, நாலு புளியமரம், அவ்வளவுதான் அவளுடைய சொத்து. அதிலும், கவுண்டர் கொல்லையையும் சேர்த்து உழுகிற அவர் தம்பி மகன் முனியன் போன வருஷமே வரப்பை உள்ளே தள்ளி உழுதுவிட்டான். கவுண்டரிடம் போய் முறையிட்டிருக்கிறாள். பார்த்துக்கலாம் என்றாராம். இன்றுவரை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். நாளைக்குக் கருப்பனின் பதிவு இல்லாமல் போய் நின்றால் முனியன் வரப்பை மட்டுமா தள்ளுவான்? இதெல்லாம் கோகிலவாணிக்குத் தெரியும்.

டேப் மறுபடி கிறீச்சிட்டது. கோகிலவாணி சட்டென்று நிறுத்தினாள். மென்பொருள் என்னென்ன செய்தது என்று எழுதி வைத்திருக்கும் குறிப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் கோளாறு எங்கே என்று பிடிபட்டது.

அந்த ஊரில் பெயர் கூப்பிட ஒரு வரிசை உண்டு. ஊர்க்கவுண்டர் வீடு முதலில், அப்புறம் பங்காளிகள், அப்புறம் சம்பந்தி வீடுகள், கடைசியில் ஆம்பிளை இல்லாத வீடு. கறி பங்கு போட்டாலும் அந்த வரிசைதான், கோயிலில் விபூதி கொடுத்தாலும் அந்த வரிசைதான். காலையில் பட்டியலைத் தட்டும்போது கோபால்சாமி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார், இவளும் மரியாதைக்கு அப்படியே தட்டினாள். மென்பொருளும் அதே வரிசையில் தேடப் போனது. ஹார்ட் டிஸ்க்கில் எந்த வரிசையில் கேட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, அலமாரியில் கை வைத்து எடுப்பதுபோல எடுத்துவிடலாம். டேப் அப்படியில்லை, கிணற்றுக் கயிறு மாதிரி. நடுவில் இருப்பது வேண்டுமென்றால் அதுவரைக்கும் விட்டுத்தான் ஆக வேண்டும். இவளோ டிஸ்க்கில் மட்டுமே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்று மார்தட்டிக்கொண்டவள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த மென்பொருள் டேப்பை ஆரம்பத்துக்கே சுற்றிக் கொண்டுபோய், அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது. போதாததற்கு இத்துனூண்டு படித்து, டிஸ்க்கில் எழுதி, மறுபடி இத்துனூண்டு படித்திருக்கிறது. ஒவ்வொரு இடைவெளியிலும் டேப் ஓடி நின்று, பின்னால் போய், திரும்ப ஓடியிருக்கிறது. இருபது வருஷத்துப் பழைய டேப் எத்தனை தாங்கும்?

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. 2004இல் பதிய வந்தவர்கள் மலையடியிலிருந்து மேலே ஏறியிருக்கிறார்கள். முதலில் எதிர்ப்பட்ட குடிசை கருப்பனுடையது. மேட்டில் கடைசியாக இருந்தது கவுண்டர் வீடு. பட்டியலில் இருபத்தேழாவது பெயர், டேப்பில் முதல் பதிவு. ஒன்பது பேரைத் தேடி ஒன்பது தடவையும் கருப்பனின் பதிவின் மேலேறித்தான் போய் வந்திருக்கிறது. கோகிலவாணிக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

என்ன கோளாறு என்று இருவரிடமும் சொன்னாள். மறைக்கவில்லை, வரிசை போட்டது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. கோபால்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பச்சையம்மா டிரைவையே பார்த்தாள்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து மென்பொருளைத் திருத்தினாள். மிச்சமுள்ள பதினெட்டு பெயரையும் டேப்பில் இருக்கும் வரிசையிலேயே அடுக்கச் செய்தாள். ஒரே ஓட்டம், பின்னால் திரும்பக் கூடாது. பெரிய பெரிய துண்டாக முதலில் நினைவகத்துக்கு இழுத்துக்கொண்டு, டிஸ்க்கில் எழுதும் வேலையைத் தனியாக விட்டாள், டேப் எதற்காகவும் காத்து நிற்க வேண்டாம் என்று. குலசாமியை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

முதல் பதிவிலேயே பிழை என்று வந்தது. கருப்பனுடையது.

பத்து தடவை திரும்பத் திரும்பப் படித்துப் பார் என்று மென்பொருளுக்கு அவளே எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். அது பின்னால் போனது, படித்தது, பிழை. மறுபடி போனது. கிறீச். மறுபடியும். இப்படியே இழுத்தால் ஆரம்பத்திலேயே டேப் அறுந்துவிடும், பின்னால் இருக்கும் பதினேழு வீடும் அதோடு போகும். இதை விட்டுவிட்டு மேலே ஓடினால் பதினேழும் வரலாம். எதிரே கதவோரத்தில் அந்த மனுஷி உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் தாண்டச் சொல்வது? நாலாவது தடவை கிறீச்சிட்டது.

"எங்கூட்டுதா அது?" என்றாள் பச்சையம்மா.

கோகிலவாணி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"வுட்டுடும்மா. பதினேழு வூட்டுல புள்ளகுட்டி கீது. தாண்டிப் போ."

கோகிலவாணி தாண்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு திரை கலங்கியது. அதற்குப் பிறகு டேப் நிற்கவே இல்லை. ஒரே சீரான ஓட்டம், கிறீச் இல்லை, தடங்கல் இல்லை. காலையிலேயே இப்படி ஓட விட்டிருந்தால் கருப்பனும் வந்திருப்பான் என்பதுதான் அவளை அறுத்தது. அரை மணியில் பதினேழும் டிஸ்க்கில் இறங்கின. கடைசியாக ஒரே ஒரு தடவை டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றிக் கருப்பனை முயன்று பார்த்தாள். உள்ளே படக்கென்று ஒரு சத்தம். அறுந்துவிட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல், வந்தவையாவது சரியாக இருக்கின்றனவா பார்ப்போம் என்று பட்டியலின் முதல் பதிவை ஓட விட்டாள். இருபது வருஷத்துக்கு முந்தைய கோபால்சாமியின் குரல் கணீரென்று வந்தது. பதிய வந்தவர் நிலத்தின் நாலு எல்லையைக் கேட்டார். அது அப்போது எல்லோரிடமும் கேட்ட கேள்வி.

"மேக்கால ஓடை. வடக்கால பாறை. தெக்கால என் தம்பி கொல்லி. கெழக்கால கருப்பன் கொல்லி, ரெண்டு ஏக்கரா. நாலு புளியமரத்துக்கு அந்தாண்ட அவனுது, இந்தாண்ட என்னுது. அவுங்க அப்பன் காலத்துலருந்து அவன்தான் உழறான்."

கோகிலவாணி பதிவை அங்கேயே நிறுத்தினாள். உரிமை கேட்பவரைத் தவிர வேறொரு பெரியவர் சொன்ன வாக்குமூலமும் ஆதாரந்தான், சட்டத்திலேயே இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கவுண்டர் முகத்தைப் பார்த்ததும் மறுபடி பயம் பிடித்தது. அந்தப் புளியமரங்களைத் தாண்டித்தானே முனியன் உழுதிருக்கிறான். இது என் குரல் இல்லை என்று இவர் நாளைக்கு ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவள் கை தானாக அந்தப் பதிவை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தது. அப்புறம் பென் டிரைவில் ஒன்று.

கோபால்சாமி மறுபடி ஓட விடச் சொன்னார். கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கி ஜீப்புல நீ முன்னால உக்காந்துக்க," என்றார், பச்சையம்மாவைப் பார்க்காமல்.

பச்சையம்மா நாற்காலியைத் தொடவில்லை. ஆனால் தரையிலிருந்து எழுந்து அவருக்கு நேராக நின்றாள்.

"முன் சீட்டு எனக்கு வேணாங்க, கவுண்டரே. நான் மூட்டையோட பின்னாலயே வர்றேன். நீங்க அங்க வந்து, இப்ப கேட்டீங்களே, அதே பேச்ச முனியன் எதுர்ல ஒருக்கா சொல்லிட்டுப் போங்க."

கோபால்சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் கோகிலவாணி இன்னொரு பென் டிரைவில் மூன்றாவது நகலையும் எடுத்து, அதைப் பச்சையம்மாவின் முந்தானையில் முடிந்துவிட்டாள்.