இயாலோடேயின் செல்லப்பெயர்

"அயின்கே, ஒரு கடைப்பலகை போதுமா உனக்கு?"

"போதும். ஏன் கேக்கறீங்க?"

"உன் வாய்க்குச் சந்தை முழுக்கப் பலகை போடணுமோன்னு பார்த்தேன். மரம் மிச்சம் இருக்கு."

"பேச்சைக் குறைச்சிட்டு ஆணியை நேரா அடிங்க. இந்த வாய் தானா மூடிக்கும்."

அபெயோகுடா ஊரின் இடோகு சந்தையில், ஷொடிபோ ஆசாரி தன் புது மனைவிக்குக் கடை போட்டுக்கொடுத்த நாளின் பேச்சு அது. தலை நரைத்த பிறகு, ஊரை ஆண்ட வெள்ளைக்கார ரெசிடென்ட் துரைக்கு எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அது நினைவுக்கு வந்தது.

சாயத் தாழிகளுக்கு வரி என்று துரை போட்ட உத்தரவை எதிர்த்துச் சந்தைப் பெண்கள் எல்லாரும் ஒரே துணியில் உடுத்தி, அவர் வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று காலை அவர் இறங்கிவந்தார். வரி கிடையாது. களைத்துப்போன குரலில், துபாஷி மூலம் கேட்டார்:

"வேற ஏதாவது வேணுமா?"

சந்தைக்குக் கிணறு வேண்டும் என்றாள். லாகோஸ் ரயிலில் துணிமூட்டைகளுக்குத் தனிப் பெட்டி வேண்டும் என்றாள். இரண்டுக்கும் தலையாட்டினார்.

"உங்களுக்குன்னு ஏதும் இல்லையாம்மா?" துபாஷி தானாகச் சேர்த்துக் கேட்டான்.

அவள் எழுந்துகொண்டாள். அவளுக்கென்று ஒன்று இருந்தது. அது துரை கையில் இல்லை.

அவுரிச் சாயத் துணியைத் தலையில் சுமந்து ஆரம்பித்தவள் அவள். பிறகு லாகோஸுக்கு மூட்டை மூட்டையாக அனுப்பினாள். கடல் தாண்டியும் அவள் துணியைத் தேடி ஆள் வந்தது. சந்தைச் சண்டைகளைத் தீர்த்துவைத்தே ஊர்ச்சபைக்குப் போய், கடைசியில் பெண்களுக்கெல்லாம் தலைவியாக, இயாலோடே என்று பட்டம் வாங்கினாள். அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் மண்டியிட்டு வணங்கினார்கள்.

அயின்கே என்பது பிறந்தபோது வைத்த கொஞ்சல் பெயர். வீட்டில் மூத்தவர்கள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடலாம். பட்டம் கட்டிய அன்று, கூட்டத்துக்கு நடுவே ஷொடிபோ பழக்கத்தில், "அயின்கே, தலைத்துணி சரியுது பாரு" என்றுவிட்டார். சபையின் மூத்த தலைவர் சிரித்தார்.

"ஏம்ப்பா ஆசாரி, இயாலோடேயைத் தொட்டில்ல போட்டு ஆட்டப்போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஷொடிபோவும் சிரித்தார். மறுநாள் காலையிலிருந்து, "எழுந்தாச்சா இயாலோடே?" என்று ஆரம்பித்தார். விளையாட்டு என்று நினைத்தாள். விளையாட்டு முடியவே இல்லை. போன மழைக்காலத்தில் அவளுடைய அம்மாவும் போய்ச் சேர்ந்தபின், அந்தப் பெயரைச் சொல்ல மிஞ்சியது அவர் ஒருவர்தான்.

எத்தனையோ முறை கேட்க வாயெடுத்தாள். கேட்டு வாங்கினால் அது கொஞ்சலாகுமா என்று விட்டுவிட்டாள்.

வெற்றியோடு வந்தவளை வாசலில் இழைப்புளியும் கையுமாக ஷொடிபோ வரவேற்றார்.

"வாங்க இயாலோடே. துரை ஒழுங்கா நடந்துக்கிட்டானா?"

"வரி போச்சு. கிணறும் தராராம்."

"பாவம், உங்க கையில போய்ச் சிக்கினானே."

கூட வந்த பக்கத்து வீட்டு மொனிலோலா சும்மா இருப்பாளா? "ஆசாரியாரே, துரை வரியை எடுத்துட்டாரு. வீட்டுல உங்களுக்குப் போட்ட வரி?"

"அதுக்கு வாசலை அடைச்சு உட்கார எனக்கு யாரு இருக்கா, சொல்லு."

பெண்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். ஊரோடெல்லாம் இப்படி வாயடிக்கிற மனுஷன், கூட்டம் போனதும் அடங்கிப்போனார். அவள் கைகழுவத் தண்ணீர் ஊற்றினார். சூடான அமலாக் களியும் கீரைக் குழம்பும் எடுத்துவைத்து, எட்டி நின்றார்.

"சாப்பிடுங்க."

"நீங்களும் உட்காருங்க."

"முதல்ல நீங்க. நான் அப்புறமா..."

களியைத் தொடாமலே, மகள் பெயரால் அவரைக் கூப்பிட்டு அவள் கேட்டாள். "ரோன்கே அப்பா, பட்டம் கட்டின அன்னிக்குச் சபைப் பெரியவர் சிரிச்சது மனசுல தச்சிருச்சா?"

அவருக்குச் சட்டென்று புரிந்தது. எதிரே மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தைக்கல. அவர் சொன்னது நியாயம்தானே? கட்டினவனே மதிக்கலைன்னா ஊர் எப்படி மதிக்கும்? உங்களுக்காகத்தான் நாக்கைக் கட்டி வச்சிருக்கேன். லேசுன்னு நினைச்சீங்களா? உங்க அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு, நீங்க மூலையில உட்கார்ந்து அழுதீங்களே... அப்ப வாய் வரைக்கும் வந்திருச்சு. முழுங்கிட்டேன்."

அன்று அவள் எதைக் கேட்கக் காத்திருந்தாளோ, அதைத்தான் இவர் விழுங்கியிருக்கிறார். அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. களித்தட்டை இருவருக்கும் நடுவே நகர்த்தினாள்.

"ஊர் மதிக்கிறது போதும். வெளியில எப்படி வேணா கூப்பிடுங்க. இந்த வாசப்படிக்கு உள்ள என்னை அயின்கேன்னு கூப்பிடுங்க."