ஒரு குரோஸ் இலந்தை

தீப்பெட்டிக்காரர்கள் எதை எண்ணினாலும் குரோஸ் கணக்கில்தான் எண்ணுவார்கள். பன்னிரண்டு டஜன் சேர்ந்தால்தான் அவர்களுக்கு அது ஒரு பொருள். கோவில்பட்டியில் நாற்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய சண்முகராஜ் அதை மகன் கையில் கொடுத்துவிட்டு, புதூர்ப் பக்கம் கரிசல் காட்டில் வீடு கட்டிக் குடிவந்தார். வந்த வேகத்தில் நூற்று நாற்பத்து நான்கு இலந்தைக் கன்றுகளை வாங்கி இறக்கினார். பறவைக்காக என்றால் பத்துப் பதினைந்து போதுமே என்று நர்சரிக்காரர் சொல்லிப் பார்த்தார். பத்துப் பதினைந்தெல்லாம் சில்லறை வியாபாரம் என்று இவர் சொல்லிவிட்டார்.

எல்லாம் அவர் மனைவி பத்திரகாளி ஒருநாள் போகிற போக்கில் சொன்ன வார்த்தையால் வந்தது. ஆபீஸுக்கு மேல்மாடியிலேயே குடியிருந்து, லேபிள் ஒட்டும் மெஷின் சத்தத்தில் காது மரத்துவிட்டது, இனியாவது நாலு பறவை வந்து போகிற இடத்தில் இருக்கவேண்டும் என்று அவள் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னதை அவர் ஆர்டராக எடுத்துக்கொண்டார்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் உட்காரும் ஜன்னலுக்கு நேர் எதிரே இடம் பார்த்தார். பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு கன்று, கன்றுக்குக் கன்று ஐந்தடி. நூல் பிடித்து, சுண்ணாம்பு போட்டு, ஒற்றைக் கண்ணை மூடித் தரையில் படுத்துப் பார்த்து நட்டார். மரம் கூடினால் பறவை கூடும் என்பது அவர் கணக்கு. மூன்று பொங்கல் போனது. மரங்கள் வளர்ந்தன, ஒன்றை ஒன்று எட்டிப் பார்க்கிற அவசரத்தில் ஒல்லியாக, நெட்டையாக வளர்ந்தன. பேருக்குப் பத்துப் பூ பூத்துக் கொட்டியது. ஒரு காய் இல்லை.

பறவை வந்தது என்று அவர் சொன்னால், மரத்திலா கரண்டுக் கம்பியிலா என்று பத்திரகாளி கேட்பாள். கம்பியில்தான். அதுவும் காக்கா. பக்கத்துக் காட்டு ஜெயபாண்டி வேலியோரம் நின்று, மக்காச்சோளத்தில் மயில் தொல்லை தாங்கவில்லை அண்ணாச்சி என்று புலம்பும்போது சண்முகராஜுக்கு வயிறு எரியும்.

சித்திரையில் ஒருநாள் அவள் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கச் சொன்னாள். இறக்கியதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"வார பொங்கலுக்குள்ள ஒரு பறவையக் காட்டுங்க. இல்லன்னா நான் மதுரைக்கு மக சுதாராணி வீட்டுக்குப் போறேன். நீங்க இங்கன இருந்து குச்சிக்குக் காவல் இருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு விளையாட்டு, எவ்வளவு நிஜம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அவள் இல்லாத வீட்டில் தனக்கு ஒருவேளைச் சோறு இறங்காது என்று அவருக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியாது. அந்த சூட்கேஸைத் தொடவே அவருக்குத் தைரியம் வரவில்லை. வீடு கூட்டும்போதுகூட அதைச் சுற்றிக் கூட்டினார்.

அந்த வாரம்தான் ஆட்டுக்குக் குழை கேட்டு சங்கரம்மாள் வந்தாள். ஒரு காலத்தில் அவர் ஆபீஸில் பதினோரு வருஷம் குச்சி அடுக்கியவள். இப்போது முப்பது ஆடு வைத்திருக்கிறாள். மரங்களை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருதடவை பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என்ன சிரிப்பு என்று இவர் கேட்டார்.

"மொதலாளி, நான் அடுக்குன சட்டத்துல ரெண்டு குச்சி ஒட்டிட்டுன்னு மொத்தத்தையும் பிரிச்சு அடுக்கச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகமில்லை. அப்படி எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறார். மரச்சட்டத்தில் குச்சிகளை இடைவெளி விட்டு அடுக்கித்தான் மருந்தில் முக்குவார்கள். நெருங்கி நின்றால் தலையோடு தலை ஒட்டிக்கொள்ளும்.

"தல ஒட்டுனா கழிவுன்னு சொன்னீங்க. இங்கன ஒரு குரோஸும் ஒட்டிக் கெடக்கு."

சண்முகராஜ் விடவில்லை, வாதாடினார். அவள் நிதானமாகச் சொன்னாள். கரிசலில் பெய்வது ஒரு மழை. அதை இத்தனை வேர் பங்கு போட்டால் எதுவும் காய்க்காது. ஆடு மேய்க்கிற காட்டில் தனியாக நிற்கிற இலந்தைதான் குடை மாதிரி கவிந்து கிடக்கிறது. பறவை உள்ளே வர வழி வேண்டாமா, இரண்டு மரத்துக்கு ஒரு மரம் இருக்கட்டும் என்றாள். இல்லை, இரண்டை எடுத்துவிட்டு மூன்றாவதை விடுங்கள் என்று உடனே திருத்திக்கொண்டாள். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அப்படி எடுத்தால் பதினைந்தடிக்கு ஒன்றாக மிஞ்சுவது பதினாறு.

நர்சரிக்காரன் சொன்ன கணக்குக்கு ஒன்று கூடுதலாகத்தான் வருகிறது என்று ஜன்னலிலிருந்து பத்திரகாளி ஆறுதல் சொன்னாள்.

வைகாசியில் நூற்று இருபத்தெட்டு மரங்களும் வேரோடு போயின. முதல் வெட்டு விழுந்ததும் சண்முகராஜ் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். சங்கரம்மாளின் ஆடுகளுக்கு ஒரு வாரம் விருந்து. முள்ளை வேலியோரம் குவித்துப் போட்டார்கள். மரத்துக்கு ஏதும் சீக்கா அண்ணாச்சி என்று ஜெயபாண்டி விசாரித்தான். பல் போன வாய் மாதிரிக் கிடந்த அந்த இடத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் சில நாள் பின்வாசல் வழியாகவே நடமாடினார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு பதினாறும் பக்கவாட்டில் கிளை விட்டன. நடுவில் புல் ஏறியது. அதைச் செதுக்க மண்வெட்டியோடு கிளம்பியவரை, கை சும்மா இருக்காதா மொதலாளி என்று சங்கரம்மாள் தடுத்துவிட்டாள். மார்கழியில் கிளை தாழக் காய் பிடித்தது. காய்தான் பிடித்தது. மதுரையிலிருந்து சுதாராணி, அம்மாவைக் கூப்பிட என்றைக்குக் கார் அனுப்ப என்று போனில் கேட்டாள். பொங்கல் கழியட்டும் என்று பத்திரகாளி சொல்வது அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு அவருக்கு மோர் கூடக் கசந்தது.

போகி அன்று காலையில் காபியோடு ஜன்னலுக்குப் போனார். போனால் போய்விட்டு வா, நானும் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லிவிடுவதாகத்தான் கிளம்பினார். வாயைத் திறப்பதற்குள் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

முட்குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கவுதாரி வெளியே வந்தது. நின்று, தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் பின்னால் பொடிப்பொடியாகக் குஞ்சுகள். புல்லைக் கொத்திக்கொண்டு, வரிசை வெட்டியெடுத்த வெற்றிடத்தின் வழியாக, அவர் நூல் பிடித்துவிட்டது மாதிரி நேராக நடந்தன. வேலிப்பக்கமிருந்து இன்னொரு கவுதாரி ஊரே கேட்கிற மாதிரிக் கத்தியது. மெஷின் சத்தத்தில் மரத்த காதென்று சொன்னவள் அதற்குச் சட்டென்று திரும்பினாள்.

"ஏழு குஞ்சு" என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நீங்க மரம் வச்ச எடத்துக்கு மூணு வருசமா ஒண்ணும் வரல. எடுத்த எடத்துலல்லா நடக்குது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காபி சுட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

"இனி நான் எங்க போக? அந்தச் சூட்கேஸத் தூக்கிப் பரண்ல போடுங்க. வழில கெடக்கு."

சண்முகராஜ் காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் பிடித்து, ஒன்பது மாதமாகத் தொடாத சூட்கேஸைப் பலங்கொண்ட மட்டும் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அப்படியே பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சேலைகூட இல்லை.

பத்திரகாளி ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை.

"எட்டுங்க. ஏழுன்னு தப்பா எண்ணிட்டேன்" என்றாள்.