சிவந்த எச்சில்

என் வீட்டுக்காரர் சபாபதிக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீடு நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்குப் படி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறுகிற மனிதரை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? ஆனால் டாக்டர் கத்தியைத் தொட மறுத்தார். ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் ஏறியிருக்கிறதாம். உடம்பில் எங்காவது புண்ணோ வீக்கமோ இருந்தால் கல்லீரல் அதைச் சுரக்குமாம். எங்கே என்று கண்டுபிடித்து ஆற்றிய பிறகுதான் ஆபரேஷன்.

எனக்கு அது விடுகதை மாதிரி ஆகிவிட்டது. நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கால் விரலிடுக்கை நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். வாயை மட்டும் யாரும் பார்க்கவில்லை. எந்நேரமும் கூன்யா என்கிற வெற்றிலைச் சுருள் மெல்லுகிற வாய். இந்த ஊரில் வெற்றிலை போடுகிறவர் வாய் சிவக்காவிட்டால்தான் அதிசயம்.

அதற்குள் அம்மன் கோயில் திருவிழா வந்தது. தீ மிதிக்க முடியாவிட்டாலும் விரதமாவது இருக்கிறேன் என்று காப்புக் கட்டிக்கொண்டார். கவுச்சி இல்லை, கூன்யா இல்லை.

ஒருநாள் காலை அவர் துப்பிய பேசினைப் பார்த்தேன். சிவப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காப்பக் கட்டிக்கிட்டு திருட்டுத்தனமா கூன்யா போடுறீங்களா? ஆத்தாவயே ஏமாத்துறீங்களா?"

"சத்தியமா இல்ல புஷ்பா. பல்லு வெளக்குனேன், அவ்வளவுதான்."

"அப்ப இது என்ன?"

பேசினில் குனிந்தேன். முகர்ந்து பார்த்தேன், பாக்கு வாசனை இல்லை. டார்ச்சை எடுத்தேன். ஈறெல்லாம் வீங்கி, பல்லோரத்தில் ரத்தம் கசிந்து நின்றது.

அடுத்த தெருவில் பல் டாக்டர் ஸமீரா, நம் தமிழ் பேசுகிறவர். மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டுப் பார்த்தார்.

"உள்ளுக்குள்ள சீழ் வெச்சிருக்கு அண்ணே. அந்தப் புரதம் ஏறுனதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். எவ்வளவு நாளா ரத்தம் வருது?"

"எப்பவும் செவப்பாத்தான் துப்புவேன் டாக்டரம்மா," என்றார் இவர். "எனக்கு எப்புடித் தெரியும்?"

ஈறைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். காப்பு அவிழ்த்த பிறகும் இவர் வெற்றிலையைத் தொடவில்லை. அடுத்த சோதனையில் ரத்தம் சொன்னபடி கேட்டது, புரதம் இறங்கியிருந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில், "புஷ்பா, இங்க வா," என்று கூப்பிட்டார். பதறி ஓடினேன். பேசினில் வெறும் வெள்ளை நுரை. கல்யாணமான நாளாக நான் பார்த்திராத வெள்ளை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் குழாயில் கை வைத்தார்.

"தொறக்காதீங்க," என்றேன். "இன்னுங் கொஞ்சம் பாத்துக்கிறேன்."