எதிராளிக்கு முகம் வைத்தவர்கள்

பார்வதம் காற்றில் விட்ட குத்து அவள் புருஷன் உத்தமனின் தாடையில் பட்டது. அவன் செத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பட்டாபிராம் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்டில், பெரியவர்களுக்கான காலை நேர கராத்தே வகுப்பில் இது நடந்தது. அவளுக்கு விரல் முட்டியில் தோல் உரிந்து, அந்த வாரம் முழுக்க மாவு பிசைய முடியவில்லை.

தப்பு யூஜின் மாஸ்டருடையது. அவர் பல வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டா என்பது எதிரே ஆளே இல்லாமல் போடுகிற சண்டை. அடியும் தடுப்பும் வரிசை மாறாமல், திரும்பித் திரும்பிப் போட வேண்டும். எதிரில் ஒருத்தன் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வார். அவர்கள் சினிமா வில்லனை நினைத்துக்கொள்வார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பெரியவர்களிடமும் அதையே சொன்னார். பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு முகம் தயாராக இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டும் கோபி, ஸ்டாண்டில் தன்னைச் செருப்பால் அடித்தவனை நினைத்தான். மறுநாள் அடித்தவன் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தான். அம்பத்தூரில் கால் சென்டர் வேலையில் இருந்த ஸ்டெஃபி தன் டீம் லீடரை நினைத்தாள். அவர் வீங்கிய கன்னத்தோடு வந்து, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எல்லாரிடமும் சொன்னார். உயிரோடிருப்பவர்கள் அடியை வாங்கிக்கொண்டு ஏதாவது காரணம் சொல்லிப் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். உத்தமனுக்குப் போக வேறு இடமில்லை. குத்து பட்ட இடத்திலேயே நின்றுவிட்டான்.

அவன் ஆவடியில் ராணுவத் துணி தைக்கிற ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். நெஞ்சு வலியில் போனான். அந்த வேலை பார்வதத்துக்குக் கிடைத்தது, குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பட்டாபிராமில் ஓர் ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்தாள். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்கச் சொன்னார்கள் என்றுதான் வகுப்பில் சேர்ந்தாள். நாற்பத்தாறு வயதில் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வர வெட்கப்பட்டு, முதல் மாதம் மேலே சால்வை சுற்றி வந்தாள். வகுப்பு முடிந்து எல்லாரும் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நிற்பார்கள். ஸ்டெஃபியின் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ராத்திரிச் சாப்பாடு பார்வதம் வீட்டிலிருந்து போனது, கொண்டுபோனது கோபியின் ஆட்டோ. அவளை வீட்டுக்காரி, அம்மா, உத்தமன் சம்சாரம் என்று கூப்பிட்டவர்கள்தான் அதுவரை இருந்தார்கள். இங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

குத்து பட்ட நாளிலிருந்து அவன் திருப்பி அடித்தான். கட்டாவில் முதல் திருப்பம் இடப்பக்கம், அவள் இடக் கையைத் தூக்கித் தடுப்பாள். அடி தடுப்புக்கு வெளியே சுற்றி வந்து வலக் கன்னத்தில் இறங்கும். மற்றவர்களுக்கு அவன் தெரியவில்லை. அவள் தலை வெட்டித் திரும்புவதும் கன்னம் கன்றிப் போவதும்தான் தெரிந்தன. ஈறு வீக்கம் என்றாள். பழக்கப்பட்ட பொய் என்பதால் தடங்கல் இல்லாமல் வந்தது. வகுப்பு முடிந்தால் வீடு வரை பின்னாலேயே வந்தான், உள்ளேயும் வந்தான். அவள் பழையபடி குழம்பில் உப்பை இரண்டு தரம் பார்த்தாள், டிவி சத்தத்தைக் குறைத்தாள், அடுக்களையில் பாய் போட்டுப் படுத்தாள். வகுப்பை நிறுத்திவிடலாமா என்று யோசித்தாள். நிறுத்தினால் அவன் வீட்டோடு தங்கிவிடுவான், யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்து அடிப்பான். போனால் பத்துப் பேர் பார்க்க வாங்க வேண்டும். இந்த வீடும் உத்தமன் வீடாகிவிடும் என்பதுதான் அவளுடைய பயம். அடி அதற்கு அப்புறம்தான்.

ஒரு நாள் உதடு கிழிந்து ரத்தம் உடுப்பில் சொட்டியது. யூஜின் வகுப்பை நிறுத்தினார். அவளை மறுபடி போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தடுப்பு சரி, கால் சரி, இடுப்பும் சரி.

"யாருக்கா அது?" என்றார்.

அவள் உதட்டைச் சட்டைக் கையால் துடைத்தாள். "எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

"எந்தக் கையால அடிப்பாரு?"

ஏன் அடிக்கிறார் என்று அவள் அம்மா கேட்டிருக்கிறாள். நீ என்ன பண்ணினே என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள். எந்தக் கை என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"இடது கை."

சொன்னதும் அவன் எல்லாருக்கும் தெரிந்தான். காக்கிச் சட்டையும் மடித்துவிட்ட கையுமாக, பஸ்ஸுக்கு நிற்கிறவனைப் போல நின்றான். சராசரி உயரம்தான். அதில் ஸ்டெஃபிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"இன்னாக்கா நீ, ஆளு லெஃப்ட் ஹேண்டா கீறான், நீ இத்தினி நாளா அந்தப் பக்கம் கேட் போட்டு இந்தப் பக்கம் தொறந்து வுட்டுகினு கீறே" என்றான் கோபி.

அதற்குப் பிறகு அந்த வகுப்பு கட்டாவைத் தலைகீழாகப் படித்தது. இடமெல்லாம் வலம், வலமெல்லாம் இடம். அவளுக்கு மட்டும் சொல்லித்தந்தால் போதும் என்று யூஜின் நினைத்தார், மற்றவர்கள் விடவில்லை. உடம்பு ஒரு முறை படித்ததை மாற்றிப் படிப்பது எழுத்தை மறுபடி பழகுவது மாதிரி. ஒருவரோடொருவர் மோதினார்கள், காலை மிதித்துக்கொண்டார்கள். கோபி ஆட்டோவிலும் குழம்பி, ஆவடிக்குத் திரும்ப வேண்டியவன் பூந்தமல்லி சாலையில் கொஞ்ச தூரம் போய், சவாரிகளிடம் திட்டு வாங்கினான். உத்தமன் தினமும் நின்று பார்த்தான். அவள் பாதிப் படித்திருந்ததால் பாதி அடி விழுந்தது.

பெல்ட் டெஸ்ட் வந்தது. சோதிக்க முகப்பேரிலிருந்து ஷர்மிளா மேடம் வந்திருந்தார், முறை தவறினால் மன்னிக்காதவர். கட்டாவை எழுதி வைத்த பக்கமாகத்தான் போட வேண்டும், மாற்றினால் ஃபெயில் என்று யூஜின் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சரியான பக்கம் போட்டால் மஞ்சள் பெல்ட், கூடவே எல்லார் முன்னாலும் ஓர் அறை. பார்வதம் நடுவில் போய்க் குனிந்து வணங்கி நிமிர்ந்தாள். உத்தமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். அவள் இடப்பக்கத்துக்குப் பதிலாக வலப்பக்கம் திரும்பினாள். அவனுடைய இடது கை வந்தது. அவள் முன்கையில் பட்டு நின்றது. ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரிச் சத்தம், ஷெட்டின் தகரம் வரை போனது. அவன் தன் கையையே பார்த்தான். அடுத்து அவள் வைத்த குத்தில் தரையில் உட்கார்ந்தான். மிச்சத்தை, அவன் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி நிதானமாகப் போட்டு முடித்தாள்.

ஷர்மிளா மேடம் ஃபெயில் என்றார். அடுத்துப் போன கோபியும் தலைகீழாகப் போட்டான். அதற்கடுத்து ஸ்டெஃபி. ஒருத்தர் மிச்சமில்லாமல் எல்லாரும். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. யூஜின் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். கடைசி ஆள் வணங்கி முடித்ததும், மேடம் தரையில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டி, இவர் எந்த பெல்ட் என்று கேட்டார். இவர் சும்மா வருகிறவர் என்றாள் பார்வதம். அவர் தலையாட்டிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனார். டீக்கடையில் கோபி, "மாமே, மொத்த வகுப்பும் ஃபெயிலு, மாஸ்டர் போர்டையே மாத்திடலாம்" என்றான். பார்வதம் சிரித்தபோது, அந்த வாரம் மறுபடி கிழிந்திருந்த உதடு எரிந்தது.

உத்தமன் அன்றைக்கும் பின்னாலேயே வந்தான். வாசலில் அவள் திரும்பி, வலக் காலை முன்வைத்து நின்றாள். "நீங்க இங்கயே இருங்க" என்றாள். அவன் உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. அவள் குழம்பை உப்பு பார்க்காமல் இறக்கினாள், கரித்தது, சாப்பிட்டாள்.

இப்போதும் அவன் கேட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். மழை பெய்தால் நனைகிறான். வீட்டுச் சொந்தக்காரர் முதலில் முணுமுணுத்தார், பிறகு திருட்டு பயம் இல்லை என்று விட்டுவிட்டார். தெரு நாய்கள் அவனைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டன. பால் போடுகிற ஆனந்தன் அவனைச் சுற்றிக்கொண்டு வந்து, பாக்கெட்டைக் கேட்டில் தொங்கும் பையில் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகிறான்.